மூன்று முறை வந்த ஓகே

முதலில் லாக்கை, அதாவது ஓட்டத்தின் பதிவை, காட்டிவிடுகிறேன். லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலோடு சேர்ந்தே வரும் சோதனைகளில் ஒன்று, இரவில் தானாக ஓடி முடித்துவிட்டு எழுதிவைத்தது இது. முன்னொட்டுக் குறிகளை மட்டும் நீக்கியிருக்கிறேன்.

டாப் வெர்ஷன் 13
1..4
ஓகே 1
டாப் வெர்ஷன் 13
1..4
ஓகே 1
ஓகே 2
ஓகே 3
டாப் வெர்ஷன் 13
1..4
ஓகே 1
ஓகே 2
ஓகே 3
ஓகே 4

இருப்பது நான்கே சோதனை. ஆனால் எட்டு ஓகே வந்திருக்கிறது. முதல் சோதனை மூன்று முறை தேறியிருக்கிறது, கடைசிச் சோதனை ஒரே முறை. தலைப்பு வரியும் மூன்று முறை. இதை வாசித்துக் கணக்குப் போட வேண்டிய நிரல் தடுமாறி, மொத்தத்துக்கும் 'தோல்வி' என்று எழுதிவிட்டது. அதே சோதனையை டெர்மினலில் கையால் ஓட்டினால் ஆறே வரி. தலைப்பு, '1..4' என்ற திட்டம், நான்கு ஓகே. எத்தனை தடவை ஓட்டினாலும் அதே சுத்தமான ஆறு வரிகள்தான்.

இந்த மாதிரி ஒன்றைப் பார்த்தால் 'ஃபிளேக்கி டெஸ்ட்', அதாவது நிலையில்லாத சோதனை, என்று முத்திரை குத்தி, தவிர்க்க வேண்டிய சோதனைகளின் பட்டியலில் சேர்த்துவிட்டுப் போவதுதான் பரவலான வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஒரு சோதனை ஒருமுறை தேறி ஒருமுறை தோற்கிறது என்றால் அதற்குக் காரணம் கெர்னலில் இருக்க வேண்டும், அல்லது சோதனையில், அல்லது அதை ஓட்டும் ஸ்கிரிப்டில், இல்லையென்றால் ஓடும் இயந்திரத்தில் இருக்க வேண்டும். எங்கே என்று தெரியாதவரை அதற்குப் பெயர் வைப்பதில் பயனில்லை.

சரி, இந்தச் சோதனைகள் எதற்கு என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய கெர்னல் இன்று மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள். இத்தனையையும் மனிதக் கண் மட்டும் பார்த்துக் கரைசேர்க்க முடியாது. அதனால் இன்டெல்லின் ஜீரோடே, லினரோவின் எல்கேஎஃப்டி, லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் இருக்கும் கெர்னல்சிஐ, கூகுளின் சிஸ்பாட் என்று பல அமைப்புகள் ராப்பகலாகக் கெர்னலைக் கட்டி, ஏற்றி, சோதித்து அறிக்கை அனுப்புகின்றன. இவற்றில் பலவும் ஓட்டும் சோதனைகள் கெர்னலின் மூலநிரலுக்குள்ளேயே இருக்கின்றன. டூல்ஸ் என்ற கோப்புறை, அதற்குள் டெஸ்டிங், அதற்குள் செல்ஃப்டெஸ்ட்ஸ். எல்லோரும் கேசெல்ஃப்டெஸ்ட் என்பார்கள். கேயூனிட் என்று இன்னொன்றும் உண்டு. 2020 ஜனவரியில் வெளிவந்த 5.5 பதிப்பில் சேர்ந்தது அது. கெர்னலின் உள்ளேயே ஓடித் தனித்தனிச் செயற்கூறுகளைச் சோதிக்கும். கேசெல்ஃப்டெஸ்ட் பெரும்பாலும் வெளியிலிருந்து, ஒரு சாதாரண நிரல் கெர்னலை எப்படிப் பயன்படுத்துமோ அப்படிப் பயன்படுத்திப் பார்க்கும்.

சோதனை என்ன சொன்னது என்பதை இன்னொரு நிரல் புரிந்துகொள்ள ஒரு பொதுவான எழுத்துமுறை வேண்டுமல்லவா? அதற்குத்தான் டாப். 1987-இல் வந்த பெர்ல் மொழியின் முதல் பதிப்போடு பிறந்த முறை, இன்றுவரை உயிரோடு இருக்கிறது. முதலில் பதிப்பு எண், அடுத்து '1..4' என்று எத்தனை சோதனை வரப்போகிறது என்ற திட்டம், அப்புறம் ஒவ்வொன்றுக்கும் ஓகே அல்லது நாட் ஓகே. இந்த எளிமைதான் அதன் பலம். கண்ணால் படிக்கலாம், நாலு வரி ஸ்கிரிப்டாலும் படிக்கலாம். ஆனால் வரிகள் ஒழுங்காக வரும் என்று இரு தரப்பும் நம்புவதன்மேல்தான் எல்லாம் நிற்கிறது. திட்டமே மூன்று தடவை வந்தால் ஒரு வாசிப்பான் கடைசியாக வந்ததை எடுத்துக்கொள்ளும், இன்னொன்று முதலாவதை எடுத்துக்கொண்டு 'நான்கில் ஒன்றுதான் ஓடியது' என்று சொல்லும். ஒரே லாக், இடத்துக்கு இடம் வேறு தீர்ப்பு.

என் லாக்குக்கு வருகிறேன். அந்தச் சோதனை சி மொழியில் எழுதிய சின்ன நிரல். ஃபோர்க் செய்து, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் தன்னையே நகலெடுத்து, ஒரு குழந்தைப் புராசஸை உருவாக்கும், முடித்துவிடும்படி அதற்குச் சிக்னல் அனுப்பும் அல்லது அதுவாக முடியட்டும் என்று காத்திருக்கும், எப்படி முடிந்தது என்பதைத் தாய்ப் புராசஸ் சரியாக அறிகிறதா என்று பார்க்கும். நான்கு சோதனைக்கு நான்கு ஃபோர்க். முதலாவதிலும் மூன்றாவதிலும் குழந்தை சிக்னலால் கொல்லப்படும். இரண்டாவதிலும் நான்காவதிலும் அது தானாக எக்ஸிட் சொல்லி வெளியேறும். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

கெர்னல் வேலையில் இருப்பவர்களுக்குக் கை முதலில் போவது கிட் பைசெக்ட் பக்கம்தான். எந்த மாற்றத்தில் கெட்டது என்று பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவது. இங்கே அதற்கு வேலையே வரவில்லை, ஏனென்றால் சில பதிப்புகளுக்கு முந்தைய கெர்னலை ஏற்றிப் பார்த்தபோதும் அச்சு அசல் அதே லாக். இருந்தாலும், கேசெல்ஃப்டெஸ்ட் நிரலை நேரடியாகப் பைசெக்ட்டிடம் கொடுத்துத் தானாக ஓடவிட நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். கேசெல்ஃப்டெஸ்ட்டில் ஒரு சோதனை 'இங்கே ஓட வழியில்லை, தாண்டிவிடு' என்பதை 4 என்ற வெளியேற்ற எண்ணால், அதாவது நிரல் முடியும்போது விட்டுச்செல்லும் எண்ணால், சொல்லும். பைசெக்ட்டுக்கோ தாண்டுவதற்கான எண் 125. வெறும் 4 வந்தால் அது 'கெட்டது' என்று எடுத்துக்கொண்டு சம்பந்தமே இல்லாத ஒரு கமிட்டில், அதாவது பதிவான ஒரு மாற்றத்தில், கொண்டுபோய் நிறுத்தும். நடுவில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்து 4-ஐ 125 ஆக மாற்றிக் கொடுங்கள்.

கெர்னல் இல்லையென்று ஆனபின் மிச்சம் இருந்தது ஒரே வித்தியாசம். கையால் ஓட்டும்போது வெளியீடு திரைக்குப் போகிறது, தானாக ஓடும்போது, ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கடத்தும் பைப் வழியாக லாக்குக்குப் போகிறது. டெர்மினலிலேயே சோதனையின் பின்னால் ஒரு பைப் போட்டு, வந்ததை அப்படியே காட்டும் கேட் கட்டளைக்குத் திருப்பினேன். பதினான்கு வரிகளும் அப்படியே கண்முன் வந்து நின்றன. எப்போதாவது வரும் பிழை, நினைத்தபோதெல்லாம் வரும் பிழையாக மாறிவிட்டது. பிழை தேடுவதில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். காரணம் இன்னும் தெரியாது, ஆனால் இனி அது ஓடி ஒளிய முடியாது.

அடுத்து எஸ்ட்ரேஸ், ஒரு நிரல் கெர்னலிடம் என்னென்ன கேட்கிறது என்று காட்டும் கருவி. குழந்தைகளையும் பின்தொடரச் சொல்லி, எழுதித் தரும்படி கெர்னலைக் கேட்கும் ரைட் என்ற சிஸ்டம் காலை மட்டும் காட்டச் சொன்னேன். யார் எழுதுகிறார்கள் என்பது அதில் புராசஸ் எண்ணோடு தெரியும். மொத்தமே மூன்று ரைட்தான் நடந்திருந்தது. முதலாவதை எழுதியது இரண்டாம் சோதனையின் குழந்தை. அது எழுதியதோ தலைப்பு, திட்டம், ஓகே 1. இரண்டாவதை எழுதியது நான்காம் சோதனையின் குழந்தை. தலைப்பிலிருந்து ஓகே 3 வரை. மூன்றாவதாக, எல்லாம் முடிந்தபின், தாய்ப் புராசஸ் முழு அறிக்கையையும் ஒரே மூச்சில் எழுதியிருந்தது. மூலநிரலில் அந்தக் குழந்தைகள் எதையும் அச்சிடச் சொல்லும் ஒரு வரிகூடக் கிடையாது. தாய் சொன்னதைக் குழந்தைகள் எழுதியிருக்கின்றன.

இதற்கு விளக்கம் சி நூலகத்தில் இருக்கிறது. அச்சிடச் சொல்லும் பிரிண்ட்எஃப் செயற்கூறைக் கூப்பிட்டவுடன் எழுத்துகள் வெளியே போய்விடுவதில்லை. நிரலின் நினைவகத்தில் ஒரு பஃபரில் சேர்த்துவைக்கப்படுகின்றன. வெளியீடு டெர்மினலுக்குப் போகிறது என்றால் ஒவ்வொரு வரி முடிவிலும் பஃபரைக் காலிசெய்துவிடும். பைப்புக்கோ கோப்புக்கோ போகிறது என்றால் பஃபர் நிறையும்வரை, அல்லது நிரல் முடியும்வரை வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு வரிக்கும் கெர்னலைக் கூப்பிட்டால் வேகம் குறையும் என்பதால் செய்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான். ஃபோர்க் என்ன செய்கிறது? தாயின் நினைவகத்தை அப்படியே குழந்தைக்கு நகலாகக் கொடுக்கிறது. பஃபரும் அந்த நினைவகத்தில்தான் இருக்கிறது. எழுதி முடித்துத் தபாலில் போடாமல் மேசைமேல் ஒரு கடிதம் கிடக்கிறது, அந்த நேரம் பார்த்து வீட்டையே மேசை நாற்காலியோடு நகலெடுத்துவிட்டால், இரண்டு வீட்டாரும் போகும்போது ஆளுக்கொரு கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுத்தான் போவார்கள். எக்ஸிட் செய்வதும் அதுதான். வெளியேறும் முன் பஃபரில் மிச்சம் இருப்பதை எழுதிவிட்டுப் போகும்.

நம்பக் கடினமாக இருந்தால் மூன்று வரியில் ஒரு சி நிரல் எழுதிப் பாருங்கள். வணக்கம் என்று ஒரு வரி அச்சிடுங்கள், ஃபோர்க் செய்யுங்கள், முடித்துவிடுங்கள். டெர்மினலில் ஒரு வணக்கம். பைப் போட்டால் இரண்டு.

இப்போது அந்த விசித்திரமான எண்ணிக்கைக்கும் கணக்கு சரியாக வருகிறது. முதல் குழந்தையின் பஃபரில் தலைப்பும் திட்டமும் இருந்தன. ஆனால் அது சிக்னலால் கொல்லப்பட்டது. கொல்லப்படும் புராசஸுக்கு எக்ஸிட் ஓட வாய்ப்பில்லை. நினைவகம் போவதோடு பஃபரும் போய்விடும். அதனால் முதல் குழந்தை சுவடே இல்லாமல் மறைந்தது. இரண்டாவது ஒழுங்காக வெளியேறியது, அதுவரை சேர்ந்திருந்த மூன்று வரியைக் கொட்டியது. மூன்றாவதும் கொல்லப்பட்டது, சுவடில்லை. நான்காவது ஐந்து வரியைக் கொட்டியது. கடைசியில் தாய் ஆறு வரி. மூன்று, ஐந்து, ஆறு, மொத்தம் பதினான்கு. லாக்கில் இருந்த ஒவ்வொரு வரிக்கும் இன்னார் எழுதியது என்று பெயர் சொல்ல முடிந்தது. இப்படி ஒரு வரிகூட மிச்சமில்லாமல் விளக்கம் கிடைக்கும்போது வரும் நிம்மதிக்கு ஈடு வேறில்லை. பத்தில் எட்டுக்கு விளக்கம் கிடைத்தால் நிறுத்தத் தோன்றும். நிறுத்தக் கூடாது. மிச்சம் இருக்கும் இரண்டு வேறொரு பிழையாக இருக்கலாம்.

ஒரு கேள்வி பாக்கி இருந்தது. இதே சோதனை வேறு இடங்களிலும் தானாக, பைப் வழியாகத்தானே ஓடுகிறது? அங்கே ஏன் இத்தனை காலம் யாரும் கண்டுகொள்ளவில்லை? விடை, சோதனைகளை ஓட்டும் ரன்னர் ஸ்கிரிப்டில் இருந்தது. அந்த ஸ்கிரிப்ட், யூஎஸ்ஆர் பின் கோப்புறையில் எஸ்டிடிபஃப் என்ற கட்டளை இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் அதன் வழியாகச் சோதனையை ஓட்டி, பைப்பாக இருந்தாலும் வரிக்கு வரி பஃபரைக் காலிசெய்ய வைக்கிறது. இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் சோதனையை அப்படியே ஓட்டுகிறது. முழு லினக்ஸ் விநியோகம் நிறுவிய இயந்திரத்தில் அந்தக் கட்டளை இருக்கும். நான் ஓட்டியதோ க்யூஎம்யூ என்ற மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஏற்றிய மிகச் சிறிய ஃபைல்சிஸ்டம், தேவையானது மட்டும் வைத்துக் கட்டியது. அதில் எஸ்டிடிபஃப் கிடையாது. அது இருந்தாலும்கூட, நூலகங்களைத் தனக்குள்ளேயே சேர்த்து ஸ்டாட்டிக்காக இணைத்துக் கட்டிய நிரலிடம் அதன் ஜம்பம் பலிக்காது. நிரல் தொடங்கும்போது ஒரு நூலகத்தை முன்கூட்டி ஏற்றிவைப்பதுதான் அதன் உத்தி. டைனமிக் இணைப்பு இல்லாத நிரலில் ஏற்ற இடமில்லை. ஆக, பிழை எப்போதும் இருந்தது. சில இயந்திரங்களில் ஒரு துணைக்கருவி அதை மூடி மறைத்துக்கொண்டிருந்தது.

எப்படிச் சரிசெய்வது என்பதற்கு மூன்று வழி கண்ணில் பட்டது. ஒவ்வொரு ஃபோர்க்குக்கும் முன் எஃப்ஃபிளஷ் கூப்பிட்டுப் பஃபரைக் காலிசெய்யலாம். வேலை செய்யும். ஆனால் நாளைக்கு ஐந்தாவது சோதனையைச் சேர்ப்பவர் அதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஞாபகத்தை நம்பும் தீர்வுகள் எனக்குப் பிடிப்பதில்லை. குழந்தைகள் எக்ஸிட்டுக்குப் பதிலாக, பஃபரைத் தொடாமல் நேராக வெளியேறும் அண்டர்ஸ்கோர் எக்ஸிட்டைப் பயன்படுத்தலாம். ஆனால் குழந்தைக்குள் ஏதாவது தவறினால் அது அச்சிடும் விளக்கமும் பஃபரோடு போய்விடும். பிழை வரும் நாளில்தான் அந்த விளக்கம் வேண்டும். மூன்றாவது வழி, நிரலின் முதல் வரியிலேயே செட்விபஃப் கூப்பிட்டு, வெளியீடு எங்கே போனாலும் வரிக்கு வரி காலிசெய் என்று சொல்லிவிடுவது.

கேசெல்ஃப்டெஸ்ட்டின் பொது ஹெடர் கோப்பு, அதாவது சோதனைகள் பகிர்ந்துகொள்ளும் செயற்கூறுகள் இருக்கும் கோப்பு, செய்வதும் இதையேதான். தலைப்பு வரியை அச்சிட அதில் இருக்கும் செயற்கூறு, முதலில் செட்விபஃப் கூப்பிட்டுவிட்டுத்தான் தலைப்பை அச்சிடுகிறது. ஃபோர்க் செய்தால் வெளியீடு இரட்டிக்கும் என்பதுதான் காரணம் என்று அங்கேயே கமெண்ட்டில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். நிரல் நடுவில் விழுந்துவிட்டாலும் கடைசி வரி லாக்கில் கிடைக்கும் என்ற இன்னொரு நன்மையையும் அதில் குறித்திருக்கிறார்கள். யாரோ முன்பே இந்த வழியில் நடந்து, பின்னால் வருபவர்களுக்காக எழுதிவைத்த அந்த நாலு வரியைப் படித்தபோது மனம் நிறைந்தது. நான் பார்த்த சோதனை அந்தப் பொது ஹெடரைப் பயன்படுத்தவில்லை. தலைப்பு, திட்டம், ஓகே எல்லாவற்றையும் தானே பிரிண்ட்எஃப் போட்டு எழுதிக்கொண்டிருந்தது. அதனால் பொது இடத்தில் நடந்த திருத்தம் இதை வந்து சேரவில்லை.

அப்படியானால் பொதுச் செயற்கூறுகளுக்கு மாற்றி எழுதுவதே சரி. மாற்றுவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். எந்தச் சோதனையைத் தொட்டாலும் அதைச் செய்யாமல் விடுவதில்லை. சோதனையை வேண்டுமென்றே தோற்கவைத்துப் பார்ப்பது. முதல் சோதனையில் குழந்தை 9-ஆம் எண் சிக்னலால் சாக வேண்டும் என்று எதிர்பார்க்கும் இடத்தில் 15 என்று மாற்றி, மறுபடி கட்டி ஓட்டினேன். எதிர்பார்த்தபடியே 'நாட் ஓகே 1' வந்தது. பிறகு, ஷெல்லில் வெளியேற்ற எண் என்னவென்று கேட்டேன்.

0.

பூஜ்யம் என்றால் எல்லாம் நலம். உள்ளே தோல்வி என்று எழுதிவிட்டு, வெளியே வெற்றி என்று சொல்லி முடிந்திருக்கிறது நிரல். மெயின் செயற்கூறின் கடைசி வரியைப் பார்த்தால், என்ன நடந்திருந்தாலும் சுழியத்தையே திருப்பி அனுப்பும்படி எழுதியிருந்தது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ரன்னர் ஸ்கிரிப்டைப் படித்தவர்களுக்கு உடனே உறைக்கும். ஒரு சோதனை தேறியதா என்று ரன்னர் முடிவு செய்வது அது அச்சிட்ட வரிகளை வைத்து அல்ல, வெளியேற்ற எண்ணை வைத்துத்தான். உள்ளே வரும் வரிகளுக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டு லாக்கில் வைத்துக்கொள்ளும், அவ்வளவே. எண் 0 என்றால் வெளி வரியில் ஓகே, 4 என்றால் தாண்டியது, நேரம் மீறினால் டைம்அவுட், மற்றபடி நாட் ஓகே. அந்த எண் கைமாறாமல் வந்து சேர வேண்டும் என்று அந்த ஸ்கிரிப்ட் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். பைப்பின் நடுவில் இருக்கும் கட்டளையின் வெளியேற்ற எண் சாதாரணமாகக் கிடைக்காது. பைப்பின் கடைசிக் கட்டளையின் எண்தான் கிடைக்கும். அதனால் மூன்றாம் எண் ஃபைல் டிஸ்க்ரிப்டர் என்ற வேறொரு வாய்க்கால் வழியாக எண்ணைத் தனியாகக் கடத்தி, அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக அடுக்கி, மறுமுனையில் அதைப் படித்து அதே எண்ணோடு வெளியேறுகிறது. அவ்வளவு கவனமாகக் கொண்டுவந்து சேர்க்கும் எண், பிறக்கும்போதே பொய்யாக இருந்தால் என்ன செய்வது?

வரிகள் இரட்டித்தது கண்ணில் பட்ட பிழை, தொந்தரவு கொடுத்தது, அதனால்தான் தேடினோம். இது ஒரு தொந்தரவும் கொடுக்காத பிழை. கெர்னலில் சிக்னல் கையாளும் இடத்தில் நாளை யாராவது ஏதாவது உடைத்திருந்தால், வெளி வரியை மட்டும் பார்க்கும் அமைப்புகள் எல்லாம் பச்சை விளக்கு காட்டியிருக்கும். சோதனையே இல்லாத இடத்தில் 'இங்கே சோதனை இல்லை' என்றாவது தெரியும், ஆட்கள் கவனமாக இருப்பார்கள். தோற்கத் தெரியாத சோதனை அந்தக் கவனத்தையும் பறித்துவிடுகிறது. செல்ஃப்டெஸ்ட்ஸ் கோப்புறையைத் தொடும் யாரிடமும் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான். எதையும் மாற்றும் முன் ஒருமுறை அதைத் தோற்கடித்து, வெளியேற்ற எண்ணைக் கண்ணால் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

பேட்ச், அதாவது அனுப்ப வேண்டிய திருத்தம், எழுதும்போது முதலில் எல்லாவற்றையும் ஒன்றாக, பொது ஹெடருக்கு மாற்றும் ஒரே பேட்ச்சாகத்தான் அனுப்பினேன். பார்வையிட்டவர் பிரிக்கச் சொன்னார். ஒரு பேட்ச்சில் ஒரு விஷயம் என்பது கெர்னலில் எழுதிவைத்த விதி. அதோடு, திருத்தங்கள் மட்டும் சேர்க்கப்படும் பழைய நிலைப்பதிப்புகளுக்கு எடுத்துப்போகும் திருத்தம், சுற்றியுள்ள வரிகளையும் சேர்த்து நூறு வரியைத் தாண்டக் கூடாது. அவர் சொன்னது முழுக்க நியாயம். மூன்றாகப் பிரித்தேன். முதலாவது, வெளியேற்ற எண்ணைச் சரிசெய்வது. இரண்டாவது, மெயினின் தொடக்கத்தில் செட்விபஃப், ஒரே வரி. இவை இரண்டும் பழைய பதிப்புகளுக்கும் போகலாம். மூன்றாவது, பொதுச் செயற்கூறுகளுக்கு மாற்றுவது, புதிய பதிப்புக்கு மட்டும். முதல் இரண்டிலும் எந்தக் கமிட்டில் இந்தப் பிழை நுழைந்தது என்பதை அதன் எண்ணின் முதல் பன்னிரண்டு எழுத்துகளோடும் தலைப்போடும் ஃபிக்ஸஸ் வரியில் குறித்தேன். நிலைப்பதிப்புகளைப் பராமரிப்பவர்கள் எந்தப் பதிப்புவரை இதைக் கொண்டுபோக வேண்டும் என்று முடிவு செய்ய அந்த வரி உதவும்.

திருத்தம் ஒரு வரி என்றாலும் கமிட் செய்தி நீளமாகத்தான் இருந்தது. பைப் இருந்தால் என்ன வருகிறது, இல்லாவிட்டால் என்ன வருகிறது, ஏன், ரன்னர் சில இயந்திரங்களில் அதை எப்படி மறைக்கிறது என்று எல்லாவற்றையும் எழுதினேன். குழந்தையில் அண்டர்ஸ்கோர் எக்ஸிட் போட்டால் போதாதா என்று கேள்வி வந்தது. விளக்க வரிகள் தொலைந்துபோகும் என்ற காரணத்தைச் சொன்னேன், அடுத்த சுற்றில் அதையும் செய்தியில் சேர்க்கச் சொன்னார்கள். கெர்னலில் ஒரு வரியைச் சந்தேகிப்பவர் முதலில் பார்ப்பது அந்த வரியை யார் எப்போது ஏன் எழுதினார் என்பதை. ஐந்து வருஷம் கழித்து செட்விபஃப் வரி எதற்கு, தேவையில்லையே என்று ஒருவர் நீக்கப் பார்த்தால், அப்போது பதில் சொல்லப்போவது அந்தச் செய்திதான்.

பொதுச் செயற்கூறுகளுக்கு மாறியபின் நிரலின் முடிவில் கேஎஸ்எஃப்டி ஃபினிஷ்டு என்ற ஒரே அழைப்பு. தேறியவை, எதிர்பார்த்தபடி தோற்றவை, தாண்டியவை மூன்றையும் கூட்டித் திட்டத்தில் சொன்ன எண்ணோடு ஒப்பிட்டு, சரியாக வந்தால்தான் 0 கொடுக்கும். நடுவில் ஒரு சோதனை சத்தமில்லாமல் விடுபட்டாலும் மாட்டிக்கொள்ளும். கடைசியில் 'டோட்டல்ஸ்: பாஸ் 4, ஃபெயில் 0' என்று ஒரு கணக்கு வரியும் போடும். மறுபடியும் 9-ஐ 15 ஆக்கித் தோற்கடித்துப் பார்த்தேன். பாஸ் 3, ஃபெயில் 1, வெளியேற்ற எண் 1. பைப் போட்டும் பார்த்தேன், போடாமலும் பார்த்தேன்.

நேரம் சம்பந்தமான பிழைகள் இதைவிட அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். பின்னணியில் ஒரு சர்வரைத் தொடங்கிவிட்டு 'ஒரு விநாடி தூங்கு' என்று எழுதிய சோதனைகள் நிறைய. மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கேசான் போன்றவற்றை இயக்கிய கெர்னல் மெதுவாக ஓடும், அந்த ஒரு விநாடி போதாது, சோதனை தோற்கும். வலையமைப்புச் சோதனைகளில் இதற்கு உருப்படியான வழி செய்திருக்கிறார்கள். போர்ட் உண்மையிலேயே திறந்துவிட்டதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக் காத்திருக்கும் பொதுச் செயற்கூறு இருக்கிறது. மெதுவான இயந்திரம் என்று சூழல் மாறி வழியாகச் சொல்லவும் இடம் இருக்கிறது. ரன்னரும் ஒரு சோதனைக்கு வழக்கமாக 45 விநாடிதான் கொடுக்கும், கூடுதலாக வேண்டுமென்றால் அந்தக் கோப்புறையின் செட்டிங்ஸ் கோப்பில் எழுதிக்கொள்ளலாம். நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவது சில இடங்களில் சரி. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்து, அது நடந்ததா என்று பார்ப்பதுதான் பெரும்பாலான இடங்களில் சரி.

பேட்ச்சுகள் ஏற்கப்பட்டு, அடுத்த பதிப்புக்கான மாற்றங்கள் கூடும் லினக்ஸ் நெக்ஸ்ட்டில் சேர்ந்தன. சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு தானியங்கி அறிக்கை வந்தது. பழைய நிலைப்பதிப்புக் கெர்னல் ஒன்றில் நான்காவது சோதனை தோற்கிறது என்று. புதிய மூலநிரலில் இருக்கும் சோதனைகளைப் பழைய கெர்னல்களிலும் ஓட்டுவதை கேசெல்ஃப்டெஸ்ட் ஆவணமே ஊக்குவிக்கிறது, பல இடங்களில் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். அந்த நான்காவது சோதனை பயன்படுத்தும் சிஸ்டம் கால் அந்தப் பழைய கெர்னலில் கிடையாது. ஈநோசிஸ் என்று பதில் வருகிறது, அதாவது 'அப்படி ஒரு சிஸ்டம் கால் இங்கே இல்லை'. முன்பும் தோற்றுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வெளியேற்ற எண் 0 ஆக இருந்ததால் யார் காதிலும் விழவில்லை.

அது தோல்வி அல்ல, தாண்ட வேண்டிய இடம். ஈநோசிஸ் வந்தால் மட்டும் ஸ்கிப், வேறு எந்தப் பிழை எண் வந்தாலும் ஃபெயில் என்று நான்காவது பேட்ச் எழுதி, பழைய கெர்னலில் ஒருமுறை, புதிய கெர்னலில் ஒருமுறை, புதியதிலேயே எதிர்பார்ப்பை மாற்றிவைத்துத் தோற்கடித்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, அந்த அறிக்கைக்குப் பதிலாகவே அனுப்பிவைத்தேன்.